நாய்க்கு உண்டு பெயர்

பொய்யான ஒரு சொல்கூடச் சேர்க்காமல் பொய் சொல்ல ஒரு வழி இருக்கிறது. புகைப்படத்தின் அடியில் விளக்கம் எழுதுவதுதான் அந்த வழி. எழுதிய ஒவ்வொரு சொல்லும் சத்தியமாகவே இருக்கும். எழுதாமல் விட்டதில்தான் சூது இருக்கும்.

வெள்ளைக்காரர் காலத்துப் பட்டாளப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழுப்பேறிய அட்டை, மூன்று வரிசை மனிதர்கள். நடுவில் நாற்காலி போட்டுக் கர்னல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரு பக்கமும் மேஜர்களும் காப்டன்களும். பின்வரிசையில் விறைத்து நிற்கும் இளைஞர்கள். முன்னால் தரையில் கால் மடக்கி அமர்ந்த இரண்டு பேர். ஒரு வெள்ளிக் கோப்பை, ஒரு முரசு, பெரும்பாலும் ஒரு நாய். இவ்வளவும் நம் கண்ணில் பட்ட பிறகு, படத்தின் ஓரத்துக்குப் பார்வையைத் திருப்புங்கள். இடது கோடியில் தோல்பையைத் தோளில் மாட்டிய தண்ணீர்க்காரர் ஒருவர் நிற்பார். வலது கோடியில் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி தலைப்பாகைக்காரர் ஒருவர். தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் ஒரு பாதி முகம், சமையற்காரராக இருக்கலாம்.

இப்போது அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். "இடமிருந்து வலம்" என்று தொடங்கும். காப்டன் இன்னார், லெப்டினென்ட் இன்னார், டாக்டர் இன்னார் என்று வரிசையாகச் செல்லும். ஆனால் இடமிருந்து வலமாக எண்ணினால் முதலில் நிற்பவர் அந்தத் தண்ணீர்க்காரர் அல்லவா? எண்ணுகிற விரல் அவரைத் தாண்டிக் குதித்திருக்கிறது. கேமராவின் கண்ணுக்குத் தெரிந்தவர் எழுதியவரின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்தியச் சிப்பாய்களின் ரெஜிமெண்டாக இருந்தால் நிலைமை கொஞ்சம் வேறு, கொஞ்சம்தான். வெள்ளை ஆபீசர்களுக்குத் தனித்தனியே பெயர் இருக்கும். இருபது வருஷம், முப்பது வருஷம் சேவை செய்து, மார்பு நிறையப் பதக்கம் தாங்கிய சுபேதார்களுக்கும் ஜமேதார்களுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை இருக்கும்: "சுதேசி ஆபீசர்கள்." முடிந்தது கதை.

இன்று இத்தகைய படங்களில் இருப்பவர்களை அடையாளம் காணும் வேலையில் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். கொள்ளுத் தாத்தாவைத் தேடும் ஆங்கிலக் குடும்பங்கள், காட்சிச்சாலைக்காரர்கள், பதக்கம் சேகரிப்பவர்கள், நம்மவர்களில் சில ஆராய்ச்சியாளர்கள் எனப் பல வகைப்பட்டவர்கள். நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. வேலையின்மேல் எனக்கு வழக்கு இல்லை. யாரைத் தேடுகிறோம், யாரைத் தேடாமல் விடுகிறோம், தெரியாத இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் என் வழக்கு.

ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன். 1880-ஆம் வருஷம் ஜூலை 27-ஆம் தேதி ஆப்கானிஸ்தானத்தில் மைவாந்து என்ற இடத்தில் ஒரு யுத்தம் நடந்தது. அயூப் கானின் சேனையிடம் ஜெனரல் பர்ரோஸின் படை படுதோல்வி அடைந்தது. அந்தப் படையில் 66-ஆவது வெள்ளை ரெஜிமெண்ட் ஒன்று. பம்பாய் கிரனேடியர்கள், ஜேகப் ரைபிள்ஸ் என்ற இந்திய ரெஜிமெண்டுகள் இரண்டு. ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள் மாண்டார்கள். அவர்களைத் தவிர, ஒட்டகம் ஓட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், காயம் பட்டவர்களை டோலியில் தூக்கியவர்கள் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பணியாளர்கள் மாண்டார்கள்.

66-ஆவது ரெஜிமெண்டில் பாபி என்று ஒரு நாய் இருந்தது. அது காயத்தோடு தப்பித்து, எப்படியோ தன் படையைத் தேடி வந்து சேர்ந்தது. 1881-இல் விக்டோரியா மகாராணியே தன் கையால் அதற்கு ஆப்கான் பதக்கம் அணிவித்தாள். மறு வருஷம் காஸ்போர்ட் என்ற ஊரில் ஒரு குதிரை வண்டியில் அடிபட்டு அது செத்தது. அதன் உடலைப் பாடம் பண்ணி, பதக்கத்தோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சாலிஸ்பரி நகரத்துப் பட்டாளக் காட்சிச்சாலையில் அதைப் பார்க்கலாம். அந்த ரெஜிமெண்டின் வெள்ளைச் சிப்பாய்களுக்காக ரெடிங் நகரத்துப் பூங்காவில் பிரம்மாண்டமான இரும்புச் சிங்கம் ஒன்று நிற்கிறது. இறந்த 329 பேரின் பெயர்களும் அதன் பீடத்தில் இருக்கின்றன.

நாயின்மேல் எனக்குப் பொறாமை இல்லை. நன்றியுள்ள பிராணி, தன்னைப் படம் பிடிக்கச் சொல்லியோ, பதக்கம் கொடுக்கச் சொல்லியோ அது யாரிடமும் மனுப் போடவில்லை. வெள்ளைச் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியதும் நியாயம்தான். ஆனால் அந்த முந்நூற்றுச் சொச்சம் பணியாளர்கள்? யுத்தக் கணக்கில் அவர்கள் ஓர் எண். அதே கணக்கில் இறந்த குதிரைகளுக்கும் ஓர் எண் இருக்கிறது. இதை ஒரு கற்பனைக் கதையில் எழுதினால், "ஆசிரியர் மிகைப்படுத்துகிறார்" என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

"அந்தக் காலத்தில் சாதாரணச் சிப்பாயின் பெயரை யார் குறித்து வைத்தார்கள்? தெரிந்தால்தானே எழுத முடியும்?" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இந்தச் சமாதானம் செல்லாது. சிப்பாய் பட்டாளத்தில் சேரும்போதே அவர் பெயர், தகப்பன் பெயர், ஜாதி, கிராமம், ஜில்லா, உயரம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாவற்றையும் எழுதிக் கொண்டார்கள். மாதாமாதம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஏழு ரூபாயோ ஒன்பது ரூபாயோ கொடுத்தார்கள். சம்பளம் கொடுக்கும்போது பெயர் தெரிந்தது. தண்டனை கொடுக்கும்போது பெயர் தெரிந்தது. படத்தின் அடியில் எழுதும்போது மட்டும் மறந்து விட்டதாக்கும்!

மனம் இருந்தபோது எழுதத்தான் செய்தார்கள். 1897 செப்டம்பர் 12-ஆம் தேதி எல்லைப் புறத்தில் சாரகடி என்ற சிறு காவல் கோட்டையில் 36-ஆவது சீக்கியர் படையைச் சேர்ந்த 21 பேர் கடைசி ஆள் வரை போராடி மடிந்தார்கள். 21 பேரின் பெயர்களும் குறிக்கப்பட்டன. 21 பேருக்கும் 'ஆர்டர் ஆப் மெரிட்' விருது கிடைத்தது. முதல் உலக யுத்தத்தில் பிரான்சு தேசத்து மண்ணில் இறந்து, கல்லறையும் தெரியாமல் போன இந்தியர்களுக்காக நியூவ் ஷாப்பல் என்ற ஊரில் 1927-இல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். சிப்பாயிலிருந்து கூலியாள் வரை 4,700-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன.

ஐரோப்பியர்கள் வந்து பார்க்கக்கூடிய இடம் அது. யாரும் வந்து பார்க்காத இடத்தில் என்ன செய்தார்கள்? இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னம் 1929-இல் திறக்கப்பட்டது. மெஸபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் அதிகமானவர்களுக்காக எழுப்பப்பட்டது அது. அவர்களில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். வெள்ளைச் சிப்பாய் என்றால் கடைசி நிலையில் இருந்தவருக்கும் கல்லில் பெயர் உண்டு. இந்தியர் என்றால் ஆபீசருக்குத்தான் பெயர். மற்றவர்களுக்கு ரெஜிமெண்டின் பெயரும், அதன் கீழே "இத்தனை பேர்" என்ற எண்ணிக்கையும்தான். யுத்தக் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் இன்று தேடினால் அந்தச் சிப்பாய்களின் பெயர்கள் கிடைக்கின்றன. காகிதத்தில் இருந்த பெயர் கல்லுக்கு வரவில்லை; அவ்வளவுதான். 2021-இல் அந்த ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டது. மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழித்துக் கேட்ட மன்னிப்பை யாரிடம் போய்க் கொடுப்பது? வாங்கிக் கொள்ள வேண்டியவரின் விலாசம்தான் தொலைந்து போயிற்றே!

இந்தப் பழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், 1868-க்கும் 1875-க்கும் இடையே லண்டனில் வெளியான எட்டுப் பெரிய தொகுதிகள் கையில் அகப்படுகின்றன. 'இந்திய மக்கள்' என்று அவற்றுக்குப் பெயர். ஃபோர்ப்ஸ் வாட்ஸன், ஜான் வில்லியம் கேய் என்ற இருவர் பதிப்பித்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். பெரும்பாலான படங்களின் கீழே ஒரு ஜாதியின் பெயரோ, ஒரு மலைக்கூட்டத்தின் பெயரோ இருக்கும். அந்த ஜாதியார் திருடர்களா, உழைப்பாளிகளா, நம்பத் தகுந்தவர்களா என்ற வர்ணனையும் இருக்கும். முகம் ஒரு தனி மனிதருடையது. தலைப்பு ஒரு கூட்டத்தினுடையது. செடியைப் பிடுங்கி ஒட்டி வைத்துத் தாவர சாஸ்திரப் பெயர் எழுதுவது போன்ற காரியம். அப்படி எழுதிப் பழகிய கை, பட்டாளப் படத்தின் அடியில் வேறு எப்படி எழுதும்? "ஒரு சீக்கியர்", "ஒரு பட்டாணி", "ஒரு மதராஸி" என்றுதான் எழுதும்.

மதராஸி என்றதும் நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியான லார்டு ராபர்ட்ஸுக்குத் தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற அபிப்பிராயம் உறுதியாக இருந்தது. அந்த அபிப்பிராயம் கொள்கையாயிற்று. கொள்கையின்படி சென்னைப் படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது ஆட்கள் மாற்றப்பட்டன. 1903-இல் கிச்சனர் ரெஜிமெண்டுகளுக்குப் புதிய எண் கொடுத்தபோது, சென்னைப் படைகளின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். 7-ஆவது சென்னைக் காலாட்படையாக இருந்தது '67-ஆவது பஞ்சாபிகள்' ஆயிற்று. அதே வம்சாவளி, வேறு மனிதர்கள். இன்று தம் முன்னோர் ஒருவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் குடும்பம் தேடிப் புறப்பட்டால், ரெஜிமெண்டின் சரித்திரம் பஞ்சாபிகளின் பெயரில் போய் நிற்கும். "இது நம்முடையது இல்லை" என்று திரும்பி விடுவார்கள். முதலில் பெயரை எழுதவில்லை. பிறகு படையின் பெயரையும் மாற்றி விட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைத் தோல் இருந்தால் போதும், பெயர் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். கம்பெனி முழுவதும் நிற்கிற படங்களில் நூறு வெள்ளைச் சிப்பாய்கள் இருப்பார்கள். அடியில் "பி கம்பெனி, பூனா" என்று இருக்கும். அயர்லாந்தின் பட்டினியிலிருந்தும் இங்கிலாந்தின் ஆலைச் சேரிகளிலிருந்தும் வந்த ஏழைப் பிள்ளைகள் அவர்கள். சண்டையில் இறந்ததைவிடப் பாசறைகளில் காலராவிலும் குடற்காய்ச்சலிலும் இறந்ததே அதிகம். இருந்தாலும் அவர்களைத் தேட வழிகள் இருக்கின்றன. மாதாந்தரச் சம்பளப் பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய மாதா கோயில் பதிவுகள் சென்னை, வங்காளம், பம்பாய் என்று மாகாண வாரியாகப் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1911-இல் இங்கிலாந்தின் ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் இருந்த தங்கள் சிப்பாய்களையும் பெயர் பெயராக எண்ணினார்கள். 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து முதல் யுத்தத்து ஏடுகளில் பெரும்பகுதி எரிந்து போனது உண்மை. எரிந்தது போக மிஞ்சியதே லட்சக்கணக்கில் இருக்கிறது. அதே படத்தின் ஓரத்தில் நிற்கும் தண்ணீர்க்காரரைத் தேடுகிறவருக்கு இவற்றில் ஒரு கதவுகூடத் திறக்காது.

ஆகவே படத்தில் இருப்பவரை அடையாளம் காண்பது பொறுமையான வேலை. முதலில் முகத்தைப் பார்க்கக் கூடாது; உடுப்பைப் பார்க்க வேண்டும். கிரீடச் சின்னம் விக்டோரியாவின் வடிவமா, 1901-க்குப் பின் வந்த அரசரின் வடிவமா? தோளில் ரெஜிமெண்டின் எண் இருக்கிறதா, பெயர் இருக்கிறதா? 1881-இல்தான் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள் எண்ணை விட்டு ஊர்ப் பெயருக்கு மாறின. கையில் மார்டினி ஹென்றியா, லீ மெட்போர்டா? மார்பில் தோல் வாரா, 1908-க்குப் பின் வந்த துணி வாரா? சார்ஜண்டின் செம்பட்டி வலது தோளிலிருந்து இறங்க வேண்டும். ஸாமர்செட் ரெஜிமெண்டில் மட்டும் அது இடது தோளில் இருக்கும். இந்தச் சிறு சங்கதி தெரியாதவர், படம் இடம் வலமாகப் புரண்டு அச்சாகியிருக்கிறது என்று சாதிப்பார். இப்படி வருஷத்தையும் ஊரையும் படையையும் குறுக்கிக் கொண்டு வந்து, பதக்கப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, கடைசியில்தான் முகத்துக்கு வர வேண்டும். வந்த பிறகும் "இருக்கலாம்" என்ற சொல்லைக் கைவிடக் கூடாது.

இன்று நடப்பதோ தலைகீழாக இருக்கிறது. மீசை ஒத்துப்போகிறது, எனவே இவர் என் பாட்டனார் என்கிறார் ஒருவர். பெயர் இருந்தால் விலை கூடும் என்பதற்காகவே ஒரு பெயரை ஒட்டி விற்கிறார் இன்னொருவர். ஒருவர் ஊகமாகச் சொன்னதை அடுத்தவர் நிச்சயமாக எழுதுகிறார். மூன்றாமவர் அதைப் புத்தகத்தில் அச்சிடுகிறார். நாலாமவருக்கு அது ஆதாரம் ஆகிவிடுகிறது. இதற்குமேல் இப்போது கம்ப்யூட்டர் வேறு வந்திருக்கிறது. பழைய படத்தைக் கொடுத்தால் ஒரு நொடியில் வர்ணம் பூசிக் கொடுத்து விடுகிறது. பார்த்தவர்கள் "உயிரோடு எழுந்து வந்துவிட்டார்!" என்று கண்ணீர் விடுகிறார்கள்.

எழுந்து வந்தவர் யார் என்று கேட்க வேண்டாமா? அந்தக் காலத்துப் போட்டோத் தகடுகள் நீலத்தை வெளுப்பாகவும், சிவப்பையும் மஞ்சளையும் கறுப்பாகவும் காட்டுபவை. 1854-ஆம் வருஷத்து இந்தியப் பதக்கத்தின் நாடா சிவப்பில் இரண்டு நீலக் கோடுகள். 1895-ஆம் வருஷத்துப் பதக்கத்தின் நாடா சிவப்பில் இரண்டு பச்சைக் கோடுகள். இயந்திரம் தன் இஷ்டத்துக்கு நீலத்தைப் பச்சையாக்கினால், ஒரு மனிதரின் சேவை நாற்பது வருஷம் இடம் பெயர்ந்து விடுகிறது. அவர் போகாத சண்டைக்கு அவரை அனுப்பியாகிவிடுகிறது. மங்கிய முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று அது கண்ணையும் மூக்கையும் புதிதாக வரைகிறது. தெரியாத முகத்துக்குப் பதிலாக இல்லாத முகம். இதற்குப் பெயர் உயிர் கொடுப்பதா?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு நாவலுக்கு முப்பது பேர், நாற்பது பேர் என்று ஆட்களைப் படைத்து, ஒவ்வொருவருக்கும் பெயர் வைப்பது என் தொழில். தண்ணீர்க்காரருக்கு ஒரு பெயர், ஓர் ஊர், காத்திருக்கும் மனைவி, தீராத கடன் எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் என்னால் செய்து கொடுக்க முடியும். வாசகர்கள் நம்பவும் செய்வார்கள். அதனாலேயே சொல்கிறேன்: கதையில் பெயர் வைக்கலாம், படத்தில் வைக்கக் கூடாது. கதையில் வரும் மனிதருக்கு என் பெயரைத் தவிர வேறு பெயர் கிடையாது. படத்தில் நிற்பவருக்கு அவருடைய தாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதன்மேல் என் பெயரை எழுதினால், முதலில் அழித்தவர்கள் விட்டு வைத்த மிச்சத்தையும் நான் அழித்தவனாவேன். தெரியாத இடம் வெறுமையாக இருந்தால், பின்னால் வருகிறவர் ஒருவர் உண்மையைக் கொண்டுவந்து அங்கே வைக்க முடியும். பொய்யை வைத்து அடைத்துவிட்டால் உண்மை வந்தாலும் நிற்க இடம் இருக்காது.

இனி நம்மவர்களின் ஆட்சேபத்துக்கு வருகிறேன். "இவர்கள் எல்லாம் யார்? அன்னியனுக்குச் சம்பளத்துக்குச் சண்டை போட்டவர்கள். சொந்த ஜனங்களையே சுட்டவர்கள். இந்தக் கூலிப்படைக்குப் பெயர் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று தேசபக்தியோடு கேட்பவர்கள் பலர். கேள்வியில் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம். பதில் சொல்லாமல் ஒதுக்க மாட்டேன்.

1919 ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்கில் டயரின் உத்தரவுப்படி சுட்ட துப்பாக்கிகள் ஐம்பது. அவற்றை ஏந்தியிருந்தவர்கள் கூர்க்கா ரெஜிமெண்டையும், 54-ஆவது சீக்கியர், 59-ஆவது ரைபிள்ஸ் படைகளையும் சேர்ந்த சிப்பாய்கள். வெள்ளைச் சிப்பாய்கள் வரிசையாக நின்று சுட்டதாகவே நம்மில் பலர் மனத்தில் சித்திரம் தீட்டி வைத்திருக்கிறோம். டயரின் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்த ஐம்பது பேரின் பெயர்களைச் சரித்திரப் புத்தகங்களில் நாம் படித்ததில்லை. படிக்க விரும்பியதும் இல்லை. பெயர் இல்லாதிருப்பது நமக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறது.

பதினொரு வருஷம் கழித்து, 1930 ஏப்ரல் 23-ஆம் தேதி, பெஷாவர் நகரில் நிராயுதபாணியான கூட்டத்தின்மேல் சுடும்படி கார்வால் ரைபிள்ஸ் சிப்பாய்களுக்கு உத்தரவு பிறந்தது. அவர்கள் சுட மறுத்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய அவில்தார் சந்திரசிங் கார்வாலி பல வருஷங்கள் சிறையில் கிடந்தார். அதே சர்க்கார், அதே காக்கி, அதே சம்பளம். ஒரு படை சுட்டது. ஒரு படை மறுத்தது. இரண்டையும் "கூலிப்படை" என்ற ஒரே சொல்லில் கட்டிப் போட்டால், மறுத்தவருக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தவர்களும் கம்பெனியிடம் சம்பளம் வாங்கிய சென்னைச் சிப்பாய்கள்தானே? அவர்களுக்கு இன்று வேலூரில் நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறோம். அவர்களில் ஒருவர் முந்திய வருஷம் ஓர் ஓவியத்தில் நிற்க நேர்ந்திருந்தால், அடியில் அவருக்கும் "சுதேசிச் சிப்பாய்" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பெயர் எழுதுவது மாலை போடுவது ஆகாது. சாட்சிக் கூண்டில் ஏறுகிறவருக்கும் பெயர் வேண்டும். குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவருக்கும் வேண்டும். பெயர் இல்லாதவரைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து தம் கூட்டாளிகளைக் காப்பாற்றிய சென்னைச் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியம், காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த விருதைப் பெற்றவர். அவர் சண்டையிட்டது எந்த ராஜாவுக்காக என்று விவாதிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் யார் என்று தெரிந்த பிறகுதான் அந்த விவாதமே தொடங்க முடியும்.

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பழைய படத்தை அச்சிடுகிறவர்கள், காட்சிக்கு வைக்கிறவர்கள், முதலில் அதில் உள்ள தலைகளை எண்ணட்டும். "படத்தில் இருப்பவர்கள் 26 பேர், பெயர் தெரிந்தவர்கள் 9 பேர், தெரியாதவர்கள் 17 பேர்" என்று எழுதட்டும். இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை, கண் இருந்தால் போதும். பெயர் தெரிந்தவர்களிலும் நிச்சயம் எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டட்டும். வர்ணம் பூசினால் பூசியது என்று படத்தின்மேலேயே எழுதட்டும்.

பஞ்சாபில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. முதல் உலக யுத்தத்துக்குப் போன சுமார் 3,20,000 பஞ்சாபியரின் விவரங்கள், கிராம வாரியாக எழுதப்பட்ட ஏடுகளாக லாகூர்க் காட்சிச்சாலையில் சுமார் நூறு வருஷம் தூங்கிக் கொண்டிருந்தன. 2021-இல் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யாரும் தேடிப் பார்க்கும்படி வெளியிடத் தொடங்கினார்கள். தம் கிராமத்தின் பெயரைத் தட்டிப் பார்த்து, தாத்தாவுக்குத் தகப்பனார் மெஸபடோமியாவுக்குப் போனதை முதல் முறையாகத் தெரிந்து கொண்ட குடும்பங்கள் உண்டு. நீலகிரி வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் தலைமைப் பாசறை இருக்கிறது. பெங்களூரில் சாப்பர்ஸ் படையின் தலைமைப் பாசறை இருக்கிறது. 'தம்பி' என்று செல்லப் பெயர் வாங்கிய படை அது. நம் பக்கத்துப் படைகளின் பழைய ஏடுகளுக்கும் அப்படி ஒரு பொதுக் கதவு வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்கிற குரல் பலமாக இல்லை என்பதுதான் குறை.

அதைவிட அவசரமான காரியம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. பரணில் ஒரு பட்டாளப் படம் கிடக்கும். அதில் இருப்பவர் யார் என்று வீட்டில் ஒரே ஒரு கிழவிக்குத் தெரியும். அவளிடம் கேட்டு, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயரையும் ஊரையும் யார் சொன்னது என்பதையும் எழுதி வையுங்கள். லண்டன் காப்பகத்தில் இல்லாத செய்தி அவளிடம் இருக்கிறது. அவளுக்குப் பிறகு அது எங்கேயும் இல்லை.

ஒன்றுமே தெரியாத போது என்ன எழுதுவது? தமிழில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது. 'சுதேசி' என்றும் எழுத வேண்டாம், 'வேலைக்காரன்' என்றும் எழுத வேண்டாம். "இடமிருந்து வலம்: தண்ணீர்ப் பையோடு நிற்பவர், பெயர் தெரியாத ஒருவர்" என்று எழுதுங்கள். எண்ணுகிற விரல் அவரைத் தாண்டிக் குதிக்காமல் ஒரு நொடி நின்று, பிறகு காப்டனிடம் போகட்டும்.